காய்க்காத நீதிமான்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, அம்மாவோடு பதநீர் காய்ச்சுகிற அடுப்புக்குத் தீத்தள்ள உட்கார்ந்தவள் நான். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல எழுந்தால் எங்கள் பாதிரியாரான ஐயரின் மனைவி, ஐயரம்மா, பக்கத்திலிருந்தே திருத்துவார்கள். ஆனால் எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் தேன் தடவிச் சொல்கிறார்கள், கேட்கக் கேட்க எனக்குக் குமட்டுகிறது. ஆகையால் குமட்டலோடேயே சொல்லிவிடுகிறேன். தப்பு இருந்தால் அது என் தலையில் விழட்டும். வேண்டாம், என் தலையிலும் விழ வேண்டாம்.

எங்கள் ஊருக்கு ஏலீம்புரம் என்று பெயர். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் செம்மணல் மேடாகிய தேரியில் நடந்து வந்து, தாகத்தில் மயங்கி விழுந்து, எழுந்தவுடன் வைத்த பெயராம். வேதத்தில் ஜனங்கள் வனாந்தரத்தில் நடந்து களைத்து இளைப்பாறின இடம் அது, அங்கே ஊற்றுகளும் பேரீச்ச மரங்களும் நின்றன. எங்கள் ஊரில் ஊற்றும் கிடையாது, பேரீச்சையும் கிடையாது, உப்புக்கரிக்கிற கிணறும் பனையும்தான். இருந்தாலும் வந்த ஐயர்மார் எல்லாரும் அந்தப் பேரீச்சையைப் பற்றியே பிரசங்கம் பண்ணினார்கள்: அந்தத் தேசத்தில் அதன் ஓலை கூரையாகும், நார் கயிறாகும், கொட்டையை இடித்தால் ஒட்டகத்துக்குத் தீனியாகும், வாக்குத்தத்தத் தேசத்தில் தேன் ஓடும் என்றது தேனீயின் தேனை அல்ல, அந்தப் பழத்தைப் பிழிந்த பாகைத்தான், ஜெயித்து வந்தவனுக்கு முன்னால் அதன் குருத்தைத்தான் ஆட்டுவார்கள், ஆலயத்துச் சுவரில் அதைத்தான் செதுக்கினார்கள், அதன் நிழலில்தான் ஒரு அம்மாள் உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்த்தாள் என்று. பக்கத்து வீட்டு விருந்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மோந்து பார்க்கிறவர்களைப் போல நாங்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். குருத்தோலை ஞாயிறு வந்தால் பனங்குருத்தைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுவோம்.

என் புருஷன் பெயர் சுவிசேஷமுத்து. கோயில் கமிட்டியில் பெரிய ஆள், முதல் பெஞ்சுக்காரர், பவனியில் கொடி பிடிக்கிறவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னைக் காய்க்காத மரம் என்று ஊரில் சொல்வார்கள், என் காதுபடவே சொல்வார்கள்.

கோயிலைச் சேர்ந்த பாலர் பள்ளியில் லீதியாள் என்று ஒரு டீச்சர். புருஷனை லாரியில் அடிபட்டுப் பறிகொடுத்தவள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில் குடியிருந்தாள். அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின தபசு காலத்தில், ஓலை கிழித்துச் சிலுவை முடைகிற வேலை கோயிலை ஒட்டின வெஸ்திரி அறையில் நடந்துகொண்டிருந்தபோது, நான் காப்பித் தூக்கோடு போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. என் புருஷனின் ஒரு கை லீதியாளின் வாயைப் பொத்தியிருந்தது, மற்றக் கை எங்கே இருந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் அவருடைய உள்ளங்கையைக் கடித்துவிட்டு என்னைத் தாண்டி ஓடினாள். அவர் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு என்னைப் பார்த்து, “காப்பி ஆறிரப் போவுது, கொண்டா” என்றார்.

லீதியாள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை, நேரே ஐயரிடம் போனாள். ஐயர் ஜோயல் புதிதாக வந்தவர், நல்ல மனுஷன், ஆனால் யாராவது சத்தமாகத் தும்மினாலும் மன்னிப்புக் கேட்கிற மனுஷன். குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் கமிட்டி கூடி விசாரிக்கும் என்று சொல்லி அனுப்பினார். நான் பார்த்ததைச் சொல்வேன் என்று லீதியாளிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பவனி கிணற்று முக்கைத் திரும்பும்போதுதான், துணிக்கடையில் புதுத்துணி கிழிக்கிற சத்தம் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என் புருஷனின் சட்டை இடது தோளில் கிழிந்து, அதிலிருந்து ஒரு குருத்து, மடக்கின விசிறியைப் போல, ஈரமாக, கோழை படிந்து, மெள்ள மேலே வந்து, வெயில் பட்டதும் விரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. பாட்டு நிற்கவில்லை. சரணத்தின் நடுவில் நிறுத்துவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. பாடி முடித்து, ஆமென் சொல்லி, அப்புறம்தான் எல்லாரும் அவரைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“பனையாவே இது?” என்று கமிட்டி ஆசீர்வாதம் கேட்டார்.

“பனை விசிறி மாதிரில்லா விரியும் அண்ணாச்சி, இது இறகு மாதிரில்லா இருக்கு,” என்றான் குவைத்தில் டிரைவராக இருந்து திரும்பி வந்த ரூபன். “இது பேரீச்சை. அங்க ரோடு முழுக்க நிக்கும். இது அடியிலதான் நான் வண்டியைப் போட்டுட்டுத் தூங்குவேன்.”

“ஏலீமுக்கு ஏலீமே வந்துட்டு,” என்று ஐயரம்மா வாய்விட்டு அழுதார்கள். டெய்லர் மட்டும், இனிமேல் அண்ணாச்சி சட்டைக்கு இடது தோளே வைக்கக் கூடாது, பித்தான் போட்டு விட்டுவிட வேண்டும் என்றார். என் புருஷன் கொடியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, ஓலை ஆடாதபடி தலையை நேராக வைத்துக்கொண்டு, ஊரை முழுவதும் சுற்றி வந்தார். சாயங்காலத்துக்குள் பெரிய ஓலைக் கொண்டையே வளர்ந்து, கோயில் வளாகத்தில் அவர் நின்ற இடத்தில் ஒரு பாய் அளவுக்கு நிழல் விழுந்தது.

மறுநாள் விசாரணையைக் கமிட்டி அறையில் நடத்த முடியவில்லை, அவர் கொண்டை கதவு நிலையில் இடித்தது. ஆகையால் வெளியே, அவர் நிழலிலேயே நாற்காலிகளைப் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் நிழலில் உட்கார்ந்து அவரை விசாரிக்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வேதத்தில் அந்த அம்மாள் நியாயம் தீர்த்தது இப்படித்தானே என்று சந்தோஷப்பட்டார்கள்.

ஐயர் தொண்டையைச் செருமினார். “நீதிமான் இந்த மரத்தைப் போலச் செழிப்பான்னு வேதம் சொல்றது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால நாம கொஞ்சம் யோசிச்சுப் பேசணும்.”

“யோசிச்சுத்தான் பேசுதேன் ஐயரே,” என்றாள் லீதியாள். “மரம் அவுக தோள்ல முளைச்சிருக்கு. அவுக கை என் மேல பட்டுது. ரெண்டும் வேற வேற எடம்.”

“ஏட்டி, வாத்திச்சி மாதிரிப் பேசாத,” என்றார் ஆசீர்வாதம்.

“வாத்திச்சிதான்.”

பின்னால் நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள், உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் ஐயர் என்னைப் பார்த்தார். என் புருஷனின் ஓலை நுனி ஒன்று காற்றில் வந்து என் கன்னத்தை உரசிக்கொண்டே இருந்தது. இருந்தாலும் சொன்னேன். “நான் பாத்தேன். அவ வாயைப் பொத்தியிருந்தாவ. அவ கடிச்சதுக்கு அவுக கையில இப்பவும் தடம் இருக்கும், பாருங்க.”

ஒருவரும் கையைப் பார்க்கவில்லை. எல்லாரும் தோளைத்தான் பார்த்தார்கள்.

“செல்லபாய் மதினி,” என்றார் ஆசீர்வாதம், குழந்தைக்குச் சொல்கிற குரலில். “கர்த்தர் உங்க புருஷன் தலையில கிரீடம் வச்சிருக்காரு. நீங்க காப்பித் தூக்கைத் தூக்கிட்டு வாறீய.”

ஐயர் இரண்டு பக்கமும் பார்த்தார், யாரையும் நோகடிக்காத ஒரு வழியைக் கண்டுபிடித்தார். கனியை வைத்துத்தான் மரத்தை அறிய வேண்டும், ஆகையால் இந்த மரம் காய்க்கிற வரைக்கும் பொறுத்திருப்போம் என்றார். பழம் இனித்தால் அண்ணாச்சி மேல் குற்றமில்லை, கசந்தால் உண்டு. அதுவரைக்கும் லீதியாள் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம், பிள்ளைகள் மனதில் கலக்கம் வரும். என் புருஷன் அப்போதுதான் வாயைத் திறந்தார். “நியாயமான தீர்ப்பு,” என்றார்.

அன்றிலிருந்து ஊர் அவரைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. இதைத்தான் மற்றவர்கள் தேன் தடவிச் சொல்கிறார்கள். கீழ்மட்டைகள் பழுக்கப் பழுக்க வெட்டிக்கொண்டு போய்ப் பாலர் பள்ளிக்கு முன்னால் பந்தல் வேய்ந்தார்கள். ஈர்க்கில் கிழித்துக் கோயிலுக்குத் துடைப்பம் கட்டினார்கள். அவர் பிடரியில் பன்னாடை மாதிரிக் கட்டியிருந்த நாரை உரித்துக் கயிறு திரித்து ஆலய மணிக்குப் போட்டார்கள், மிச்சத்தில் மூன்று வீடுகளில் தொட்டில் கட்டினார்கள். காய்ந்த சருகை ஒரு துண்டு கிள்ளி வேதப் புத்தகத்துக்குள் வைத்தால் பரீட்சையில் ஜெயம் என்று பிள்ளைகளை அனுப்பினார்கள். உரிக்கிற இடத்தில் சதையும் நாரும் எது எங்கே முடிகிறது என்று தெரியாது. உரித்த இடம் வெளிறி, ஈரமாக, பல் விழுந்த ஈறு மாதிரி இருக்கும், ஈ மொய்க்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகை செய்வார். ஊருக்கு இவ்வளவு பயன்படுகிறவர்மேல் ஒரு விதவை சொன்ன புகாரை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

அவர் சாப்பிடுவதை விட்டுவிட்டார். காலுக்குத் தண்ணீர், தலைக்கு வெயில், அவ்வளவுதான் கேட்டார். பகல் முழுவதும் கோயில் வளாகத்தில் நிற்பார், பொழுது சாயும்போது இரண்டு ஆண்கள் ஓலையைச் சேர்த்துக் கட்டி, தலையைச் சாய்த்து, வீட்டுக்குள் கொண்டுவந்து விடுவார்கள். கொண்டைக்குள் எலி குஞ்சு போட்டிருந்தது. அவர் படுத்து எழுந்த பாயை நான் குச்சியால்தான் சுருட்டுவேன்.

முள் கழிப்பது என் வேலை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, யாரும் வேறு ஆளைத் தேடவும் இல்லை, பெண்டாட்டி இருக்கிறாளே. ஒவ்வொரு மட்டையின் அடியிலும், ஒரு நாள் தாடியைப் போல, தினமும் புது முள் முளைக்கும், பச்சையாக, ஊசி மாதிரி. விடியற்காலையில் அவர் முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார், நான் பாளை சீவுகிற கத்தியை வைத்துக்கொண்டு கழுத்திலிருந்து ஆரம்பித்து, தோள், அக்குள், முதுகு என்று சீவிவிட வேண்டும். அப்போதுதான் அவரால் கையைக் கீழே போட முடியும், கழுத்தைத் திருப்ப முடியும், ஊரார் கிட்டே வந்து உரிக்க முடியும். சீவும்போது என் கையில் பிசின் ஒட்டும். அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன்.

மழைக்காலம் போய்ப் பனி இறங்கினபோது, கொண்டையின் நடுவில் பாளை வந்தது. ஊரே திரண்டு வந்தது, பெண்கள் பாகு காய்ச்ச, கோயில் விருந்துக்கான அசன அண்டாக்களைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்தார்கள். ஆனால் எங்கள் ஊர் பனையேறிகளின் ஊர். பாளையைக் கண்டால் பதநீருக்கு நசுக்கி இடுக்காமல் போக எங்கள் ஆண்களின் கை கேட்காது. பேரீச்சையின் பாளை பழத்துக்கு, பதநீருக்கு அல்ல என்று ரூபன் கத்தக் கத்த, “குவைத்துக்காரன் வந்து எங்களுக்குப் பாளை சொல்லித் தாரானோ” என்று சொல்லி, அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, முதல் பாளையைக் கடிப்புக் கட்டையால் நசுக்கி, நுனியைச் சீவி, சுண்ணாம்பு தடவின கலயத்தைக் கட்டிவிட்டார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மறுநாள் கலயத்தில் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அதை ஓலைப் பட்டையில் ஊற்றி ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். “கற்கண்டு,” என்றார் ஆசீர்வாதம், மீசையைத் துடைத்துக்கொண்டு. எனக்கும் கொடுத்தார்கள். நான் வாசலுக்கு வந்து கிணற்றடியில் கொட்டினேன். எறும்புகூட வரவில்லை.

மற்றப் பாளைகளை ஐயர் கெஞ்சிக் காப்பாற்றினார், கனி வந்தால்தான் தீர்ப்பு என்று. லீதியாள் அந்த ஒற்றை அறையில் கருவாட்டு வியாபாரம் செய்துகொண்டு அந்தக் கனிக்காகக் காத்திருந்தாள். பழம் கசக்கும் என்று அவள் நம்பினாள், நானும் நம்பினேன். ஒரு நாள் காலையில் பாளை வெடித்தது. உள்ளே அரிசிப் பொரியைப் போல வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாக, லேசாகத் தொட்டால் மாவு கொட்டியது. அந்த மாவின் வாடை என்ன வாடை என்று கல்யாணமான பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆகாதவர்களுக்குச் சொல்லக் கூடாது. காற்று அடித்தபோது அது ஊர் முழுவதும் பறந்தது, காயப்போட்ட துணியில் படிந்தது, தண்ணீர்க் குடத்தில் மிதந்தது, ஆராதனைக்கு வந்தவர்களின் முடியில் உட்கார்ந்தது. அதைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார்கள். பிள்ளைகளின் நெற்றியிலும் பூசினார்கள். நான் கொல்லைக்கு ஓடிப்போய், வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போகும் வரைக்கும் வாந்தி எடுத்தேன்.

மாவு கொட்டி ஓய்ந்து, பூ கருகி, காம்பு காய்ந்து விழுந்தது. ஒரு பிஞ்சு இல்லை. அண்டாக்கள் கவிழ்ந்தபடியே கிடந்தன. ஒரு வாரம் கழித்து ரூபன், கோயில் முடிந்து வெளியே வரும்போது, மெதுவாகச் சொன்னான்: “நான் மொதல்லயே சொல்லணும்னு நெனைச்சேன். மாவு கொட்டுறது ஆண் மரம். ஆண் மரம் காய்க்காது. இது சென்மத்துக்கும் காய்க்காது.”

அப்போது ஊர்ப் பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். காய்க்காத மரம் என்று சொன்ன வாய்கள் அத்தனையும் அங்கே இருந்தன. ஒருத்தி முந்தானையால் தன் வாயை மூடிக்கொண்டாள்.

“அப்ப தீர்ப்பு?” என்று கூட்டத்தின் பின்னாலிருந்து லீதியாள் கேட்டாள். “காய்க்காத மரத்துக்கு என்ன தீர்ப்பு, ஐயரே?”

ஐயருக்கு வேர்த்தது. ஆனால் கமிட்டி எதையும் ஜீரணிக்கும். ஆண் மரம் காய்க்காது என்றால், அது மரத்தின் குற்றமல்ல, பக்கத்தில் பெண் மரம் இல்லாத குற்றம். என் புருஷனின் கணுக்காலைச் சுற்றி அந்த மாதம் சின்னச் சின்னக் கன்றுகள் முளைத்திருந்தன, கோழிக்குஞ்சுகள் தாய்க்கோழியைச் சுற்றி நிற்பதைப் போல. அதில் ஒன்றை வேரோடு எடுத்து ஒரு பெண்ணின் தோளில் ஈரச்சாக்கால் கட்டிவைத்தால், அது பெண் மரமாகத்தானே வளரும்? “கன்னு தாயைக் கொள்ளும், பெண்ணு மேல வச்சாலும் ஆண்தான்” என்று ரூபன் சொல்லிப் பார்த்தான். பனையில் வித்தைப் போட்டுவிட்டு, ஆணா பெண்ணா என்று பாளை வரும்வரை காத்திருந்தே பழகின ஆண்களுக்கு அது ஏறவில்லை. மண்ணைப் பொறுத்துத்தான் மரம் என்றார்கள்.

“எந்தப் பொம்பளை?” என்று ஐயரம்மா கேட்டார்கள்.

“தீர்ப்பு யாருக்கு வேணும்? லீதியாளுக்குத்தானே,” என்றார் ஆசீர்வாதம். “அவ தோள்ல வைப்போம். பூ வந்தா அண்ணாச்சி மாவைத் தொட்டு வச்சாப் போதும், காய்ச்சிரும். பழைய மனஸ்தாபமும் தீந்துரும்.”

வெட்கமே இல்லாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் வேதப் புத்தகத்தோடு இதைச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்று நாளும் குறித்தார்கள். லீதியாள் முடியாது என்றாள். முடியாது என்றால் அந்த அறையைக் காலி பண்ண வேண்டும், சபையை விட்டும் விலக்கப்படுவாள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பிடித்து உட்காரவைக்க நாலு பெண்களை நியமித்தார்கள். கட்டுவதற்கு, அவருடைய நாரிலேயே திரித்த கயிற்றை எடுத்துவைத்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில் முற்றத்தில் முள் கழிக்கும்போது என் புருஷன் சந்தோஷமாக இருந்தார்.

“அவளுக்கு வச்சா அடங்கிருவா,” என்றார். “அப்புறம் ஒனக்கு ஒண்ணு வைக்கச் சொல்லியிருக்கேன். அன்னைக்குச் சபையில நின்னு சாட்சி சொன்னியே, அந்த வாய்க்கு.”

“எனக்கு எதுக்குங்க? எனக்கு வயசாயிட்டு,” என்றேன்.

“மரத்துக்கு வயசு ஏது?” என்று சிரித்தார். சிரிக்கும்போது அவர் கை, நான் அப்போதுதான் முள் சீவிவிட்ட அந்தக் கை, என் தோளில் வந்து உட்கார்ந்து, எங்கே வைக்கலாம் என்று எலும்பைத் தடவிப் பார்த்தது.

எனக்கு அப்போது தைரியம் ஒன்றும் வரவில்லை. தைரியம் வந்தது என்று சொன்னால் அதுதான் தப்பான கதை. எனக்கு அருவருப்பு வந்தது, அது தைரியத்தைவிடப் பலமானது. மறுநாள் காலை அவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து “முள்ளு கழி” என்றபோது, கை சுளுக்கிக்கொண்டது என்றேன். “எண்ணெய் தடவு,” என்றார். தடவினேன். அதற்கு மறுநாளும் சுளுக்கு இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவரைக் கூட்டிவந்தவர்களால் எங்கள் வாசலில் அவரை நுழைக்க முடியவில்லை. முள் விரல் நீளம் வளர்ந்து நிலைக்கட்டையைக் கீறியது. “இங்க முடியாது, அண்ணாச்சி கோயில்லயே நிக்கட்டும்,” என்று திருப்பிக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்க்க முயற்சி பண்ணினார், ஆனால் கழுத்து திரும்பவில்லை. வியாழக்கிழமை ரூபன் தைரியமாகக் கத்தியை எடுத்துக்கொண்டு போய் ஒரு முள்ளைச் சீவினான், இரண்டாவது முள் அவன் உள்ளங்கையில் ஏறி முறிந்து, கை பப்பாளிப் பழம் மாதிரி வீங்கிவிட்டது. அதற்கப்புறம் ஒருவரும் போகவில்லை. ஐயரம்மா என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள்.

“செல்லபாய், ஒன் கையை ஜெபம் பண்ணி விடட்டுமா?”

“பண்ணுங்க ஐயரம்மா,” என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்து நெடுநேரம் ஜெபம் பண்ணினார்கள். நல்ல ஜெபம். ஆனால் கை குணமாகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு அசந்திருக்கிற நேரத்தில் போய், லீதியாளின் பெட்டியையும் பாயையும் கருவாட்டுக் கூடையையும் நானே தலையில் தூக்கிக்கொண்டு, அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். “சித்தி, சுளுக்குன்னு சொன்னீங்களே,” என்றாள் அவள். “சும்மா இரு,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கன்று எடுக்கப் போனார்கள். அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினபடி நின்றார். இறக்க முடியாது, இறக்கினால் அவர் முள்ளே அவரைக் குத்தும். கணுக்காலைச் சுற்றி நின்ற கன்றுகளும் முள் விட்டிருந்தன. ஆசீர்வாதம் ஈரச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தார், முள் சாக்கையும் தாண்டி ஏறியது. நாலு பெண்களும் கயிற்றோடு என் வாசலுக்கு வந்தார்கள். கன்று இல்லாமல் யாரைப் பிடித்து என்ன செய்வது என்று அவர்களுக்கே தெரியவில்லை. என் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றார்கள். ஒருத்தி தண்ணீர் கேட்டாள், ஜன்னல் வழியாகக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்கள்.

ஊர் இதையும் ஜீரணித்துவிட்டது. ஐயர் தீர்ப்பைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். ஆனால் லீதியாளைச் சபையை விட்டு விலக்குகிற பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள், தூக்கின கையோடு நிற்கிற அவரைத் தூரத்திலேயே நின்று கும்பிட்டு, “அண்ணாச்சி எப்பவும் ஜெபத்துலயே இருக்காவ” என்கிறார்கள். கிட்டே ஒருவரும் போவதில்லை. கால் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. பாலர் பள்ளிக்கு வேறு டீச்சர் வரவில்லை, ஆகையால் பிள்ளைகள் காலையில் என் வீட்டு முற்றத்தில் வந்து உட்காருகிறார்கள், லீதியாள் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அனுப்புகிற தாய்மார் என் கண்ணைப் பார்ப்பதில்லை, ஒரு முருங்கைக்காயோ இரண்டு முட்டையோ வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

வெயில் ஏறினதும் அவர் என்னைக் கூப்பிடுவது வீடு வரைக்கும் கேட்கும். செல்லபாய், முள்ளு கழிக்க வா என்பார், தண்ணியாவது ஊத்த வா என்பார். தண்ணீர் ஐயரம்மா ஊற்றுகிறார்கள், நீளமான குழாய் வைத்து. நான் கொத்தனாரைக் கூட்டிவந்து கோயில் பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டேன். முள் சீவின அந்தக் கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, மோந்து பார்த்து, மறுபடியும் தேய்த்து, வாடை போனபிறகு சாளை மீன் அரிந்து குழம்பு வைத்து, லீதியாளுக்கு இரண்டாம் தடவையும் சோறு போட்டேன்.